பறக்க முடியாத கழுகு பிழைத்துக்கொண்டால் அப்புறம் என்ன? சாலையோரம் ஒன்றைக் கண்டெடுத்தவளின் அனுபவம்

நவம்பர் மாதம் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் மான் வேட்டைக் காலம். அந்தச் சில வாரங்களில் நெடுஞ்சாலை ஓரத்திலோ அறுவடை முடிந்த சோள வயலிலோ தரையில் உட்கார்ந்திருக்கும் வெண்தலைக் கழுகை நீங்கள் பார்க்க நேரலாம். பக்கத்தில் போனாலும் அது பறக்கவில்லையென்றால் உடம்புக்கு ஏதோ ஆகியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வயிறு முட்டத் தின்ற கழுகு எழும்பக் கொஞ்சம் தாமதிக்கும், ஆனாலும் எழும்பிவிடும். இப்படி ஒன்றைப் பார்த்தால் யாரைக் கூப்பிடுவது, தொடலாமா கூடாதா, தொட்டால் விசாவுக்கு ஏதாவது சிக்கல் வருமா என்பதெல்லாம் இங்கே இருக்கும் நம்மவர்கள் பலருக்குத் தெரியாது. எனக்கும் யாரும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அன்றைய அலைச்சலும் கொஞ்சம் பணமும் மிச்சமாகியிருக்கும். அதைவிட, அதற்குப் பிறகு வந்த மாதங்களுக்கு மனசைத் தயார்படுத்திக்கொண்டிருப்பேன். அதனால் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

நான் வினோனாவில் வேலை பார்க்கிறேன். அன்று சனிக்கிழமை. நியூ ஜெர்சியில் இருக்கும் தோழியின் வளைகாப்புக்குப் போக, 61ஆம் நெடுஞ்சாலை வழியாக மினியாபொலிஸ் விமான நிலையத்துக்குக் கார் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒரு பக்கம் மிசிசிப்பி ஆறு, மறுபக்கம் குன்றுகள். மாமனாருக்குக் கண் அறுவை சிகிச்சை என்று வீட்டுக்காரர் ஊருக்குப் போயிருந்தார். லேக் சிட்டி தாண்டியதும், ஏதோ வண்டி அடித்துச் செத்த மான் ஒன்று சாலையோரப் பள்ளத்தில் கிடந்தது. அதற்கு நாலடி தள்ளி இந்தக் கழுகு. தலை முழுவெள்ளையாக இல்லை, பழுப்பும் வெள்ளையும் கலந்திருந்தது. வெண்தலைக் கழுகுக்குத் தலையும் வாலும் சுத்த வெள்ளையாக மாற ஏறக்குறைய ஐந்து வயதாகும். அதுவரை பழுப்பாகத்தான் இருக்கும் என்பதால் பலர் அதைக் கழுகு என்றே கண்டுகொள்வதில்லை. இடது இறக்கை தரையில் இழுபட்டது. வாய் திறந்திருந்தது. நான் கிட்டப் போனதும் கண்ணுக்குக் குறுக்கே வெளிறிய சவ்வு மாதிரி மூன்றாவது இமை ஒன்று வந்து வந்து மறைந்தது. ஓட முயன்று பக்கவாட்டில் சாய்ந்துவிட்டது. எனக்குக் கை கால் உதறியது.

செத்த மானைத் தின்ன இறங்கும் கழுகுகள் வண்டியில் அடிபடுவது இங்கே அடிக்கடி நடப்பதுதான். நாலைந்து கிலோ உடம்பைத் தூக்கிக்கொண்டு சட்டென்று மேலே எழும்ப அவற்றால் முடியாது. இது பிறகு தெரிந்துகொண்டது. அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம் போனை எடுத்துத் தேடுவதுதான். தேடியதும் மேலே வந்து நின்றது காட்டு விலங்குகளை வீட்டிலிருந்து அகற்றும் ஒரு தனியார் நிறுவனம். பேசியவர் அரை மணியில் ஆள் வரும் என்றார், கார்டு எண்ணைக் கேட்டு 150 டாலர் முன்பணம் எடுத்துக்கொண்டார். ஆள் வரவில்லை. திரும்பத் திரும்பக் கூப்பிட்ட பிறகு வேறொருவர் எடுத்து, நாங்கள் ரக்கூன், அணில் மாதிரியானவற்றைத்தான் பிடிப்போம், கழுகுக்கு எங்களிடம் உரிமம் இல்லை என்றார். அந்தப் பணம் இன்றுவரை திரும்பவில்லை. பணத்தை விடுங்கள், அந்தக் குளிரில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வீணாகப் போனதை நினைத்தால்தான் இப்போதும் ஆத்திரம் வருகிறது. இங்கே நவம்பரில் ஐந்து மணிக்கு முன்பே இருட்டிவிடும்.

ஆகவே முதலில் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். தேடும்போது, கழுகு, பருந்து போன்ற இரைகொல்லிப் பறவைகளுக்கு உரிமம் பெற்ற மறுவாழ்வு மையம் உங்கள் மாநிலத்தில் எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். அகற்றும் நிறுவனங்கள் வேறு, மறுவாழ்வு மையங்கள் வேறு. மையங்கள் பறவையை ஏற்றுக்கொள்ளக் கட்டணம் கேட்பதில்லை, நன்கொடையில்தான் நடக்கின்றன. அனிமல் ஹெல்ப் நவ் என்ற தளத்தில் நீங்கள் இருக்கும் இடத்தைக் கொடுத்தால் அருகில் இருப்பவர்களைக் காட்டும். மினசோட்டாவில் இருப்பவர்களுக்கு செயின்ட் பாலில் மினசோட்டா பல்கலைக்கழகத்தின் ராப்டர் சென்டர் இருக்கிறது. 1974இல் தொடங்கியது, வருஷத்துக்கு ஆயிரம் பறவைகள் அளவுக்கு அங்கே சிகிச்சைக்கு வருகின்றன. அந்த எண்ணை இப்போதே போனில் சேமித்து வையுங்கள். யாரும் கிடைக்காவிட்டால் உள்ளூர்க் காவல்துறையான ஷெரிஃப் அலுவலகத்தின் அவசரமல்லாத எண்ணைக் கூப்பிடலாம். எனக்குக் கடைசியில் கைகொடுத்தது அதுதான்.

சட்ட விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் காயத்தைவிட அதுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது. எனக்கு அப்போது வேலை விசா. 1940ஆம் ஆண்டுக் கழுகுப் பாதுகாப்புச் சட்டப்படி, அனுமதியில்லாமல் வெண்தலைக் கழுகையோ அதன் ஒரு இறகையோ வைத்திருந்தால்கூடக் குற்றம். முதல் முறைக்கே ஒரு லட்சம் டாலர் வரை அபராதமும் ஓராண்டு வரை சிறையும் விதிக்கலாம். இதைப் படித்துவிட்டுக் காருக்குள் போய் உட்கார்ந்துகொண்டேன். ஆனால் மத்திய விதிகளில் இதற்கு வழி இருக்கிறது. நோயுற்ற, காயம்பட்ட பறவையை உடனே உரிமம் பெற்ற மையத்தில் சேர்ப்பதற்காக யார் வேண்டுமானாலும் அனுமதிச் சீட்டு இல்லாமல் எடுத்துப் போகலாம். உடனே என்பதுதான் முக்கியம். வீட்டில் வைத்து இரண்டு நாள் கவனித்துப் பார்ப்போம் என்ற பேச்சே கூடாது. யாரிடம் எப்போது பேசினீர்கள் என்பதைக் குறித்து வைத்துக்கொண்டால் நிம்மதியாக இருக்கும். காரில் உதிர்ந்த இறகு இருந்தால் அதையும் மையத்திலேயே கொடுத்துவிடுங்கள், நினைவுக்கு என்று வைத்துக்கொள்ளாதீர்கள்.

ஷெரிஃப் அலுவலகத்திலிருந்து வந்தவர் இளைஞர். வேறொரு விபத்துக்கு உடனே போக வேண்டியிருந்ததால், பிடித்துக் கொடுக்கத்தான் முடியும், கொண்டுபோக முடியாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார். பக்கத்துப் பண்ணை வீட்டு அம்மா நாய்க்கூண்டு ஒன்றும் கம்பளி ஒன்றும் கொடுத்தார். போனில் மையத்து ஊழியர் சொல்லச் சொல்லச் செய்தோம். பின்பக்கமாக மெதுவாகப் போய், தலையோடு சேர்த்துக் கம்பளியைப் போர்த்த வேண்டும். கண் மறைந்ததும் அது பாதி அடங்கிவிடுகிறது. அடுத்துக் கால்கள். எல்லோரும் அலகைப் பார்த்துத்தான் பயப்படுவோம், உண்மையான ஆபத்து கால் நகங்களில் இருக்கிறது. அவர் தடித்த தோல் கையுறையோடு இரண்டு கால்களையும் சேர்த்துப் பிடித்தார். நான் கம்பளியோடு இறக்கைகளை உடம்போடு அணைத்துத் தூக்கினேன். அந்தக் கனத்தை எதிர்பார்க்கவில்லை. அழுகிய இறைச்சியும் மீனும் கலந்த நாற்றம். கம்பளிக்குள்ளிருந்து குஞ்சு கத்துகிற மாதிரி மெல்லிய கீச்சொலி வந்தது. சினிமாவில் கழுகு வரும்போதெல்லாம் கேட்கும் அந்தக் கம்பீரமான அலறல் பெரும்பாலும் செவ்வால் பருந்துடையது. கழுகின் உண்மையான குரல் இதுதான். அவ்வளவு பெரிய உடம்பிலிருந்து அந்தச் சின்னக் குரல் வந்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

கூண்டுக்குள் வைத்த பிறகு தண்ணீர் தரக்கூடாது, உணவும் தரக்கூடாது. அதிர்ச்சியில் இருக்கும் பறவைக்குப் புரையேறும், செரிக்கவும் செய்யாது. கூண்டைத் துணியால் மூடி இருட்டாக வைக்க வேண்டும், காற்று போக வழி விட வேண்டும். காரில் பாட்டு வேண்டாம், போனில் பேச்சு வேண்டாம், ஹீட்டரைக் கொதிக்கக் கொதிக்க வைக்க வேண்டாம். துணியைத் தூக்கிப் படம் எடுக்கவே கூடாது, மனித முகம் அதற்கு எமன் முகம்தான். 2022லிருந்து பறவைக் காய்ச்சல் காட்டுப் பறவைகளிடமும் பரவியிருப்பதால் முகக்கவசமும் கையுறையும் கட்டாயம். அன்று போட்டிருந்த உடையைத் தனியாகத் துவையுங்கள். வீட்டில் கோழியோ கிளியோ வளர்ப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

செயின்ட் பால் போய்ச் சேர்ந்து பறவையை ஒப்படைத்தபோது என் விமானம் கிளம்பியிருந்தது. 430 டாலர் டிக்கெட், மாற்ற முடியாத வகை, போனது போனதுதான். கார் இருக்கையில் நாற்றம் போகச் சுத்தம் செய்ய 260 டாலர். வளைகாப்புக்கு வராததில் தோழிக்கு மனத்தாங்கல், அது சரியாகக் கொஞ்ச காலம் ஆனது. வரவேற்பில் ஒரு படிவத்தை நிரப்பச் சொல்லி ஒரு எண் கொடுத்தார்கள். அந்த எண்ணைப் பத்திரமாக வையுங்கள், பிறகு விசாரிக்க அதுதான் ஆதாரம். கண்டெடுத்த இடத்தை மைல் கல் எண்ணோடு எழுதிக் கொடுத்தால் அவர்களுக்கு உதவியாக இருக்கும், குணமானால் அந்தப் பகுதியிலேயே விடப் பார்ப்பார்கள்.

இறக்கை முறிவோடு இரத்தத்தில் ஈயமும் இருந்தது. இது எனக்குப் புதிய செய்தி. வேட்டைக்காரர்கள் மானைச் சுட்ட இடத்திலேயே குடலை எடுத்துப் போட்டுவிட்டு உடலைக் கொண்டுபோகிறார்கள். ஈயக் குண்டு மான் உடம்புக்குள் பாயும்போது பொடிப்பொடியாகச் சிதறி அந்தக் குடலிலும் கலந்துவிடுகிறது. குளிர்காலத்தில் கழுகுக்கு அது சுலபமான சாப்பாடு. அதன் வயிற்று அமிலம் ஈயத்தைக் கரைத்து இரத்தத்தில் சேர்த்துவிடும். கண்ணுக்குத் தெரியாத அளவு துணுக்கே போதும். ஈயம் ஏறிய கழுகு தள்ளாடும், பச்சையாகக் கழியும், தலை தொங்கும், எதிரே வரும் வண்டியை உணர்ந்து விலகும் வேகமும் போய்விடும். 2022இல் வெளிவந்த ஓர் ஆய்வில் 38 மாநிலங்களிலிருந்து வெண்தலைக் கழுகுகளும் பொன்னிறக் கழுகுகளுமாக 1,210 பறவைகளைச் சோதித்தார்கள். ஏறத்தாழ பாதிப் பறவைகளுக்கு நாள்பட்ட ஈய நஞ்சு இருந்தது. நீர்ப்பறவை வேட்டையில் ஈயக் குண்டுகளை 1991இலேயே நாடு முழுவதும் தடை செய்துவிட்டார்கள். மான் வேட்டைக்கு மினசோட்டாவில் அப்படிப் பொதுவான தடை இல்லை. டிடிடி பூச்சிமருந்தால் அழியும் நிலைக்குப் போய், 1963இல் அலாஸ்கா தவிர்த்த பெருநிலத்தில் வெறும் 417 கூடு கட்டும் ஜோடிகளாகக் குறைந்திருந்த பறவை இது. 1972இல் டிடிடியைத் தடை செய்த பிறகு மெல்ல மெல்ல மீண்டு வந்து, இப்போது 70,000 ஜோடிகளுக்கு மேல் இருக்கிறது. அப்படி மீட்டெடுத்த பறவைக்கு இப்போது ஈயம் ஊட்டிக்கொண்டிருக்கிறோம் என்பது எனக்குத் தாங்கவே இல்லை.

இரத்தத்திலிருந்து ஈயத்தை இழுக்கும் மருந்து கொடுத்தார்கள். அது வேலை செய்தது. பிழைத்துவிட்டது என்ற சந்தோஷம் ஆனால் எனக்கு அதிக நாள் நிற்கவில்லை. எலும்பு முறிந்த இடம் முழங்கை மூட்டுக்கு மிக அருகில். அங்கே முறிந்தால் எலும்பு கூடினாலும் மூட்டு இறுகிவிடும், இறக்கை முழுதாக விரியாது. கொஞ்சம் பறந்தால் போதாதா என்று நான் கேட்டேன். கழுகுக்கு அரைகுறைப் பறத்தல் பட்டினியில்தான் முடியும் என்றார் மருத்துவர். பிறகு அவர் மென்மையாக, கருணைக்கொலையும் ஒரு வழி என்று சொன்னார். அலுவலகக் கழிவறையில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். பிழைக்க வைக்கிறவர்களே ஏன் சாகடிக்கவும் பேசுகிறார்கள் என்று கோபம் வந்தது.

இதைத்தான் யாராவது எனக்கு முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். மையத்தில் சேர்த்த பறவைக்கு மூன்று முடிவுகள் உண்டு. குணமாகிப் பறந்து போகலாம், அமைதியாகச் சாக உதவலாம், மிகச் சிலவற்றுக்கு மட்டும் மனிதர் பராமரிப்பில் ஒரு நிரந்தர இடம் கிடைக்கலாம். இதில் நம் ஆசைக்கு இடமில்லை, மத்திய விதிகளே நிறைய முடிவு செய்துவிடுகின்றன. தானாகச் சாப்பிடவோ நிமிர்ந்து உட்காரவோ முடியாத பறவையை வைத்திருக்கக் கூடாது. இரண்டு கண்ணும் போனதையும் வைத்திருக்கக் கூடாது. காலையோ, முழங்கையிலோ அதற்கு மேலோ இறக்கையையோ வெட்ட வேண்டிய நிலை வந்தால் விசேஷ அனுமதி இல்லாமல் வெட்டிப் பிழைக்க வைக்கக் கூடாது. சிகிச்சைக்கென்று வைத்திருக்கும் காலமும் பொதுவாக 180 நாள்தான், அதற்கு மேல் தனி அனுமதி வாங்க வேண்டும். இதையெல்லாம் தாண்டினாலும் குணம் என்று ஒன்று இருக்கிறது. மனிதரைப் பார்த்தாலே சுவரில் மோதி இறகை உடைத்துக்கொள்ளும் பறவையை 30 வருஷம் கூண்டில் வைத்திருப்பது அதற்குச் சித்திரவதை. வயதான காட்டுக் கழுகுகள் பெரும்பாலும் அப்படித்தான் நடந்துகொள்ளுமாம். எங்கள் கழுகு இளையது, ஆள் இருந்தாலும் தட்டிலிருந்து மீனை எடுத்துச் சாப்பிட ஆரம்பித்தது. அந்த ஒன்றுதான் அதைக் காப்பாற்றியது.

அந்தக் காத்திருப்பு நாட்களில் கும்பகோணத்திலிருந்து அம்மா தினமும் கேட்பாள், "கருடன் எப்படிடி இருக்கு? நாச்சியார்கோயில் கல் கருடனுக்கு வேண்டிக்கிட்டிருக்கேன்." ஒரு நாள், "பறக்க முடியாத கருடனை வெச்சிக்கிட்டு அவங்க என்னம்மா பண்ணுவாங்க?" என்றாள். என்னிடம் பதில் இல்லை. மையத்தைத் தினமும் கூப்பிடவும் முடியாது, அவர்களுக்கு நூற்றுக்கணக்கான நோயாளிகள். எண்ணைக் குறிப்பிட்டு மின்னஞ்சல் அனுப்பிவிட்டுப் பொறுமையாக இருப்பதுதான் வழி. உங்களுக்குப் பேச ஆள் வேண்டும் என்றால் வீட்டிலோ நண்பர்களிடமோ பேசுங்கள். ஒரு பறவைக்கா இவ்வளவு என்று கேட்பவர்களும் இருப்பார்கள். அவர்களிடம் விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம்.

குளிர்காலம் முடியும்போது விஸ்கான்சினில் ஒரு இயற்கைக் கல்வி மையம் அதை எடுத்துக்கொள்ள ஒப்புக்கொண்டது, அனுமதியும் வந்தது. கல்வித் தூதுவர் என்று சொல்கிறார்கள். பள்ளிக்கூடங்களுக்கும் ஊர்க் கூட்டங்களுக்கும் வந்து மக்கள் முன்னால் நின்று தன் இனத்தைப் பற்றிச் சொல்ல வைக்கும் வேலை. பெயர் வைப்பது அவர்கள் உரிமை, கண்டெடுத்தவருக்கு அதில் பங்கு இல்லை. தொடவும் முடியாது. பொதுமக்கள் யாரும் தொடக் கூடாது என்பது விதி, அது சரியும்கூட. உடனே பார்க்கப் போகலாம் என்று நினைக்காதீர்கள். கையுறையில் ஏறி நிற்கப் பழகவே மாதக்கணக்கில் ஆகும், அதுவரை வெளியாட்களுக்குக் காட்ட மாட்டார்கள்.

அடுத்த ஆண்டு இலையுதிர்காலத்தில் போனேன். தலை வெளுத்திருந்தது. ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர்தான் அதற்குப் பயிற்சியாளர். நிகழ்ச்சிக்கு முன்னால் அவர் செய்த வேலைகளைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தேன். முதலில் தராசில் ஏற்றி எடை. எடையைப் பார்த்துத்தான் அன்றைய மீனும் எலியும் எவ்வளவு என்று முடிவாகிறது. பிறகு ஒவ்வொரு பாதமாகத் தூக்கி அடிப்பக்கத்தைப் பார்த்தார். பறக்காத பறவைக்கு நாள் முழுக்க நிற்பதே வேலை என்பதால் பாதத்தில் புண் வந்து, சீழ் வைத்து, அதனாலேயே செத்துப்போகலாம். அதனால் உட்காரும் கட்டைகளில் செயற்கைப் புல் சுற்றியிருந்தார்கள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு தடிமன். எல்லாக் கட்டைகளும் தாழ்வாக இருந்தன, உயரமானதற்கு ஏறிப் போகச் சாய்வுப் பலகை. கால்களில் தோல் பட்டை, அதிலிருந்து வார், வாரைப் பயிற்சியாளர் விரலிடுக்கில் பிடித்திருந்தார். வெளியே கொண்டுவந்ததும் ஆற்றுப்பக்கமிருந்து காற்று வந்தது. அது இரண்டு இறக்கையையும் விரித்தது. வலது முழுதாக விரிந்தது, இடது பாதியில் நின்றுவிட்டது. எனக்கு நெஞ்சை அடைத்தது. அது சந்தோஷமாக இருக்கிறது என்று என்னால் சொல்ல முடியாது, சொல்லவும் மாட்டேன். பயமில்லாமல், வலியில்லாமல், வயிறு நிறைந்து இருக்கிறது என்று சொல்லலாம். மருத்துவர் மற்ற வழியைத் தேர்ந்தெடுத்திருந்தாலும் அது கொடுமை இல்லை என்று இப்போது நினைக்கிறேன். அந்த மாதங்களில் என்னால் அப்படி நினைக்க முடியவில்லை.

இப்படிப்பட்ட கழுகுகளைப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு மினசோட்டாவில் வபாஷா ஊரில், மிசிசிப்பிக் கரையிலேயே, தேசியக் கழுகு மையம் இருக்கிறது. குழந்தைகளைக் கூட்டிப்போங்கள். பளிச்சென்று விளக்கடித்துப் படமெடுக்காமல், கையை நீட்டாமல் இருந்தால் போதும். செத்த கழுகைப் பார்த்தால் எடுக்காதீர்கள், வனவிலங்கு அதிகாரிகளுக்குச் சொல்லுங்கள். கொலராடோவில் உள்ள தேசியக் கழுகுக் களஞ்சியத்துக்கு அது போய், அங்கிருந்து இறகுகள் பூர்வகுடி மக்களின் சடங்குகளுக்குப் போகின்றன. அவர்கள் வருஷக்கணக்கில் வரிசையில் காத்திருக்கிறார்கள்.

அன்று நிகழ்ச்சியில் முன்வரிசையில் வேட்டைக்காரர்கள் அணியும் ஆரஞ்சுத் தொப்பி போட்ட பெரியவர் ஒருவர் பேரனோடு உட்கார்ந்திருந்தார். பயிற்சியாளர் மான் குடலின் எக்ஸ்ரே படம் ஒன்றைக் காட்டினார், கறுப்புப் பின்னணி முழுக்க வெள்ளைப் புள்ளிகள். பெரியவர் எழுந்து, அதெல்லாம் ஒரே குண்டிலிருந்து வந்ததா என்று கேட்டார். ஆமாம் என்றார் பயிற்சியாளர். ஈயத்துக்குப் பதிலான செம்புக் குண்டு விலை அதிகம் ஆயிற்றே என்றார் பெரியவர். பெட்டிக்கு அதிகம்தான், ஆனால் ஒரு பருவத்தில் மானுக்கு எத்தனை குண்டு செலவாகிறது உங்களுக்கு என்று பயிற்சியாளர் திருப்பிக் கேட்டார். பெரியவர் கழுகின் இடது இறக்கையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் அப்பாவின் பழைய துப்பாக்கிக்குச் செம்புக் குண்டு பொருந்துமா என்று கேட்டு, துப்பாக்கியின் அளவைச் சொன்னார். பயிற்சியாளருக்கு அது தெரிந்திருந்தது. பேரன் அதைத் தாத்தாவின் போனில் தட்டிக் கொடுத்தான். கும்பகோணத்துக்குப் போன் போட்டு அம்மாவிடம் முதலில் இதைத்தான் சொன்னேன்.